குரூஸ் கப்பல்: துறைமுகத்துக்கு எப்போது போய்ச் சேர்வது?

நீலத்திரை:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் ரோமுக்கான துறைமுகமான சிவிதாவெக்கியாவிலிருந்து ஒரு வாரக் கப்பல் பயணம் போகிறோம். நான், கணவர், ஆறு வயது மகன், முழங்கால் வலியோடு மெதுவாக நடக்கும் மாமியார். கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அதே நாள் காலை 10.40-க்கு ஃபியூமிசினோ விமான நிலையத்தில் இறங்குவது. நடுவில் ஒரு விமானம் மாற வேண்டும், அதற்கு ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. இன்னொன்று, முந்தைய நாள் மாலையே போய் ஓர் இரவு தங்குவது. "ஆறு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறதே, எதற்கு ஓட்டல் செலவு?" என்கிறார் கணவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு உதறல். நீங்களெல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பெட்டிபடுக்கை:
முந்தைய நாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

உங்கள் கையில் ஆறு மணி நேரம் இல்லை என்று கணவரிடம் சொல்லுங்கள். 5 மணி என்பது கயிறு அவிழ்க்கிற நேரம். செக்-இன்னை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுவார்கள், சில நிறுவனங்களில் இரண்டு மணி நேரம் முன்பே. பயண ஒப்பந்தத்தில் போட்டிருக்கும், தேடிப் பாருங்கள். உங்களுக்கு 3.30 என்று வைத்துக்கொள்வோம். 10.40-க்குத் தரையிறங்கி, குடிவரவு வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்து வெளியே வர 12 ஆகிவிடும். 2025 அக்டோபரில் தொடங்கிய ஐரோப்பாவின் புதிய எல்லைப் பதிவு முறையால் அந்த வரிசை இன்னும் நீளலாம். வெளியே வந்தால் காரில் துறைமுகத்துக்கு ஒரு மணி நேரம் சொச்சம். ரயில் என்றால் பொதுவாக ரோமின் ட்ராஸ்டெவெரே நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், அப்புறம் ஊருக்குள்ளிருந்து துறைமுகப் பேருந்து. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 2 மணிக்கு டெர்மினல் வாசல்.

மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். முதல் விமானம் நாற்பது நிமிடம் பிந்தினாலே இணைப்பு விமானம் போய்விடும். அடுத்தது எத்தனை மணிக்கு என்று பார்த்தீர்களா? கணவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கணக்குப்பிள்ளை:
//இதில் யோசிக்க ஒன்றுமில்லை//

இருக்கிறது நண்பரே. எல்லோரும் இதை மந்திரம் மாதிரி ஓதுகிறீர்கள். நான் அதே நாளில் பறந்து போய் ஏறியிருக்கிறேன், இனியும் ஏறுவேன். ஆனால் எனக்குச் சில நிபந்தனைகள் உண்டு. நேர் விமானம். அது ரத்தானால் ஏறிக்கொள்ள அதே வழியில் நண்பகலுக்குள் இன்னும் இரண்டு விமானமாவது. கையோடு தூக்கிப் போகும் பெட்டி மட்டும். கப்பல் கிளம்புவது இரவு ஏழுக்கு மேல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முந்தைய நாள்தான்.

நீலத்திரை சொல்லும் விமானத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. அதனால் இந்த ஒரு தடவை பெட்டிபடுக்கையின் கட்சிக்கே என் ஓட்டு.

விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதையும் யாரும் முதலில் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் விமான நிலையத்திலிருந்தே கப்பல் தெரியும். ஆர்லாண்டோவிலிருந்து போர்ட் கனாவெரல் 70 கிலோமீட்டர். லண்டன் ஹீத்ரோவிலிருந்து சவுத்தாம்ப்டன் துறைமுகம் 100-க்கு மேல். விளம்பரத்தில் 'பாரிஸ்' என்று போட்டு விற்கிறார்களே, அந்த லெ ஹாவ்ர் துறைமுகத்துக்குப் பாரிஸிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டும்! ஊர்ப் பெயரை நம்பி விமானம் போடாதீர்கள்.

பெட்டிபடுக்கை:
கணக்குப்பிள்ளை என் பக்கம் சாய்ந்த இந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பெட்டி விஷயத்தில் இன்னும் ஒன்று. நீங்கள் வந்துவிட்டு, பெட்டி மட்டும் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால்? ஓட்டலில் இருந்தால் மறுநாள் காலைக்குள் கொண்டுவந்து சேர்க்க வாய்ப்பு உண்டு. கப்பலில் ஏறிவிட்டீர்கள் என்றால் பெட்டி உங்களைத் துறைமுகம் துறைமுகமாகத் துரத்த வேண்டியதுதான். நாளுக்கு ஓர் ஊர் போகும் பயணத்தில் அது உங்களை எட்டிப் பிடிப்பதற்குள் பாதி விடுமுறை முடிந்திருக்கும்.

சுக்கான்:
கரைப்பக்கம் டெர்மினலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன். "கொஞ்ச நேரம் நிற்கக் கூடாதா" என்று தவறவிட்டவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

கப்பலை விடிகாலை ஐந்து, ஆறு மணிக்குத் துறையில் கட்டுவார்கள். ஏழு முதல் பத்து வரை பழைய பயணிகள் இறங்குவார்கள். எல்லோரும் மாறும் துறைமுகம் என்றால், கடைசி ஆள் இறங்கி எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரும்வரை புதியவர்களை உள்ளே விடுவதில்லை. கேபினில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரால் வெளியே ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பது சாதாரணம். 2024-ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் மாதிரிக் கப்பல் நிரம்பினால் 7,600 பயணிகள். அத்தனை பேரும் காலையில் இறங்கி, அதே அளவு கூட்டம் மதியம் ஏற வேண்டும். நடுவில் பெட்டிகள், ஒரு வாரத்துக்கான சாப்பாட்டுச் சரக்கு, எரிபொருள், ஒப்பந்தம் முடிந்து மாறும் பணியாளர்கள். அறைகளைச் சுத்தம் செய்து முடிக்க மதியம் ஒன்று, ஒன்றரை.

கிளம்பும் நேரத்தைச் சுற்றியும் எல்லாம் முன்பே பதிவானவை. துறைமுக வழிகாட்டி மாலுமி, இழுவைப் படகு, இந்தக் கப்பல் காலி செய்த இடத்துக்கு வரப்போகும் அடுத்த கப்பல், சில ஊர்களில் கடல் ஓதம் (நீர்மட்டம் ஏறி இறங்குவது). பிந்திக் கிளம்பினால் அடுத்த துறைமுகத்தை நேரத்துக்குப் பிடிக்க வேகத்தைக் கூட்ட வேண்டும். எரிபொருள் செலவு வேகத்தைவிடக் கடுமையாக ஏறும். அப்புறம் பயணிகள் பட்டியல். அமெரிக்கத் துறைமுகங்களில் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்பாவது முழுப் பட்டியலையும் எல்லைத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அதன்பிறகு மூச்சிரைக்க ஓடி வந்தாலும், ஏணி இன்னும் கீழேயே இருந்தாலும், ஏற்ற முடியாது. அங்கே நிற்கும் பணியாளரைத் திட்டிப் பயனில்லை.

நிறுவனமே ஏற்பாடு செய்த பேருந்தோ, அவர்கள் வழியாகப் போட்ட விமானமோ தாமதமாகி, அதில் நிறையப் பேர் இருந்தால் கேப்டன் கொஞ்சம் பொறுப்பது உண்டு. அதை வாக்குறுதி என்று எண்ணிவிடாதீர்கள்.

நங்கூரம்:
ஒரு சந்தேகம். தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம்தானே? அப்படி ஏறியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

சுக்கான்:
சில இடங்களில் முடியும், சில இடங்களில் சட்டமே விடாது.

மத்தியதரைக் கடலில் பெரும்பாலும் முடியும். சிவிதாவெக்கியாவில் விட்டதை ஜெனோவாவிலோ மார்செய்யிலோ ரயில் பிடித்துப் போய்ச் சேரலாம். ஆனால் முதலில் நிறுவனத்தின் அவசர எண்ணுக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். சொல்லாமல் விட்டால் வராதவர் கணக்கில் எழுதி உங்கள் அறையையே ரத்து செய்துவிடலாம். அடுத்த துறைமுகம் வேறு நாட்டில் என்றால் அந்த நாட்டுக்கும் செல்லுபடியாகும் விசா உங்களிடம் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. நடுவில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருந்தால் விலக்கு உண்டு. பெரிய குரூஸ் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். சியாட்டிலில் கிளம்பி அலாஸ்கா போய்த் திரும்பும் கப்பலைத் தவறவிட்டு, அலாஸ்காவின் ஜூனோவுக்குப் பறந்துபோய் ஏறப் பார்த்தால் ஏற்ற மாட்டார்கள். ஜூனோவில் ஏறிச் சியாட்டிலில் இறங்குவது அந்தச் சட்டத்தில் மாட்டும். வழியில் கனடாவின் விக்டோரியா வந்தாலும் அது 'பக்கத்து' வெளிநாடு, கணக்கில் சேராது.

கணக்குப்பிள்ளை:
இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு: பாலிசியில் 'பயணத் தொடக்கத்தைத் தவறவிடுதல்' என்ற பிரிவு தனியாக இருக்கிறதா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல்தான் தருவார்கள், நீங்கள் எவ்வளவு நேரம் முன்பே போய்ச் சேரும்படி திட்டமிட்டிருக்க வேண்டும் என்று படித்துப் பாருங்கள். நெருக்கிப் போட்ட திட்டத்துக்குப் பணம் தர மறுக்க அந்தக் கடைசி வரி போதும். கிடைத்தாலும் பணம்தான் வரும், கப்பல் வராது.

நீலத்திரை:
கணவர் இந்த இழை முழுவதையும் படித்தார். எதுவும் பேசவில்லை, முந்தைய நாள் டிக்கெட்டைப் போட்டுவிட்டார். அனைவருக்கும் நன்றி!

இப்போது அடுத்த குழப்பம். ஆன்லைன் செக்-இன் நேற்றுத் திறந்தது. டெர்மினலுக்கு வரும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். 11.30 முதல் 2.30 வரை அரை மணிக்கு ஒன்றாக இருக்கிறது. எதை எடுப்பது?

மேல்தளம்:
11.30! கேட்கவே வேண்டாம். நீங்கள் போகும் மாதிரி தினம் ஓர் ஊரில் நிற்கும் பயணத்தில், கப்பலை நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஏறும் நாள் மதியத்தை விட்டால் வேறு பொழுதே கிடைக்காது. நீச்சல் குளம் காலியாக இருக்கும். குழந்தைகள் கிளப்பில் மகனைப் பதிவு செய்ய வரிசை இருக்காது. ஆப்பில் 'இடமில்லை' என்று காட்டிய நிகழ்ச்சிக்கு நேரில் போய்க் கேட்டால் கிடைப்பதும் உண்டு. கட்டிய காசுக்கு அரை நாள் கூடுதல்.

கேபின் ஒன்றரை மணிவரை திறக்காது என்பதால் சின்னப் பை ஒன்று தோளில் இருக்க வேண்டும். மகனின் நீச்சல் உடை, மாற்றுத் துணி, எல்லோருடைய மருந்து. அவ்வளவுதான்.

மதியத்தூக்கம்:
முதியவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு 11.30-க்கா? மேல்தளம் தனியாகப் போகிறவர் என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் ஏறினால் கேபின் கிடையாது, உட்கார இடம் பஃபேயில்தான், அங்கே முன்னால் ஏறியவர்கள் எல்லோரும் தட்டோடு நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள். நான் எப்போதும் 2 மணிக்கு மேல். டெர்மினலில் கூட்டம் வடிந்திருக்கும், பாதுகாப்புச் சோதனையில் நாலு பேர் நிற்பார்கள், நேரே கேபினுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம். கப்பல் எங்கேயும் ஓடிவிடாது, ஒரு வாரம் அதில்தானே இருக்கப் போகிறோம்.

மேல்தளம்:
விடுமுறைக்கு வந்து தூங்குகிறவரிடம் என்ன பேசுவது.

மதியத்தூக்கம்:
பெயரிலேயே சொல்லிவிட்டேனே.

சக்கரத்தில்_உலகம்:
நான் சக்கர நாற்காலியில் பயணம் செய்பவள். மாமியாரைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எந்த நேரம் என்பதைவிட, எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். டெர்மினலில் செக்-இன் மேசையிலிருந்து கப்பல் வாசல்வரை தூரம் எதிர்பார்ப்பதைவிட அதிகம். மடிந்து மடிந்து ஏறும் சரிவுப் பாதைகள் வேறு. உட்காரும் இருக்கைகள் வரிசைக்கு அப்புறம்தான் இருக்கும், வரிசையில் இருக்காது. அதனால் நிறுவனத்தின் சிறப்புத் தேவைப் படிவத்தில் 'ஏறும்போதும் இறங்கும்போதும் சக்கர நாற்காலி உதவி' என்று இப்போதே பதிந்துவிடுங்கள். சொந்த நாற்காலி இல்லாவிட்டாலும் தருவார்கள், ஓர் ஆள் தள்ளிக்கொண்டு போவார். ஏறி முடித்ததும் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், பயணம் முழுக்கக் கிடைக்காது. "மெதுவாக நடப்பேன், வேண்டாம்" என்று மாமியார் சொல்லக்கூடும். வாங்கிவிடுங்கள்.

நேரம் என்று கேட்டால் 1 மணியை ஒட்டி. பதினொன்றரையில் உதவி ஆட்களுக்கும் கிராக்கி. ஒரு மணிக்குப் போனால் உள்ளே நுழைவதற்கும் கேபின் திறப்பதற்கும் சரியாக இருக்கும்.

ஒரு நல்ல சேதி, மத்தியதரைக் கடலில் ஓதம் குறைவு. வட ஐரோப்பாவில் சில துறைமுகங்களில் நேரத்துக்கு ஏற்ப ஏணியின் சரிவே மாறிவிடும், காலையில் சமதளமாக இருந்தது மாலையில் மலையேற்றம். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சுக்கான்:
அக்கா சொன்னது சரி. டெர்மினலுக்கு வரும் அந்த நேர ஸ்லாட்டைப் பற்றி இன்னொன்று. கொடுத்த நேரத்துக்கு முன்னால் வந்தால் வெளியே நிறுத்துவார்கள், சில டெர்மினல்களில் வெயிலில்தான். பிந்தி வந்தால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள், செக்-இன் முடியும் நேரத்துக்குள் இருந்தால் சரி. எனவே தீர்மானமில்லாதவர்கள் சற்று முந்தைய ஸ்லாட்டை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக வரலாம். முந்தையவைதான் முதலில் தீரும்.

நீலத்திரை, உங்கள் கப்பல் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா என்று வழிநெடுக ஆள் ஏற்றும் வகையா என்று பாருங்கள். அந்த வகை என்றால் சிவிதாவெக்கியாவில் உங்களோடு ஏறுவது ஒரு பகுதிக் கூட்டம்தான், வரிசை சிறியது. ஆனால் கப்பல் காலியாக இருக்காது. மேல்தளம் சொன்ன காலி நீச்சல் குளத்தை எதிர்பார்க்காதீர்கள்.

நங்கூரம்:
கடைசி ஸ்லாட்டில் போனால், ஆபத்தில் என்ன செய்வது என்று பயணிகளுக்குச் சொல்லித் தரும் பாதுகாப்புப் பயிற்சியில் நிற்காமல் தப்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

சுக்கான்:
இல்லை. அதுவும் சிவிதாவெக்கியா இழையில் இதைக் கேட்கிறீர்களே.

2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கோர்டியா கிளம்பியது அந்தத் துறைமுகத்திலிருந்துதான். சில மணி நேரத்தில் ஜிலியோ தீவருகே பாறையில் மோதியது, 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிதாவெக்கியாவில் ஏறிய சுமார் 700 பேருக்குப் பயிற்சி மறுநாள் என்று வைத்திருந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. பிறகு சர்வதேச விதியைத் திருத்தினார்கள்: 2015 ஜனவரி 1 முதல், கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும்.

இப்போது நிறையக் கப்பல்களில் ஆப்பில் வீடியோ பார்த்துவிட்டு, ஆபத்தில் நீங்கள் கூட வேண்டிய இடமான கூடுமிடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது, பத்து நிமிட வேலை. செய்யாதவர்களைப் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். பிந்தி ஏறுபவர்களுக்கு இது ஓர் அவசரம்தான்: பெட்டியை வைத்துவிட்டு உடனே ஓட வேண்டும். மாமியார் இருப்பதால் கூடுமிடம் எந்தத் தளத்தில், லிஃப்ட் இல்லாமல் எப்படிப் போவது என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலத்திரை:
12.30 ஸ்லாட் போட்டாகிவிட்டது, 1 மணியை ஒட்டிப் போவதாக உத்தேசம். சக்கர நாற்காலிக்கும் பதிந்தாயிற்று. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. இரவு தங்குவது ரோமிலா சிவிதாவெக்கியாவிலா?

கணக்குப்பிள்ளை:
ரோம் பார்க்க ஒரு முழு நாள் இருந்தால் ரோம். மாலை இறங்கித் தூங்கி எழுந்து கிளம்புவது என்றால் சிவிதாவெக்கியா. அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் காலையில் ஒரு பதற்றமும் இல்லை.

ரோமில் தங்கினால் கிளம்பும் நாளில் ரயில் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே பாருங்கள். இத்தாலியில் தேதி முன்பே வந்துவிடும். வேலைநாளில் வட்டார ரயில்களுக்கு உத்தரவாத நேரம் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9. நீங்கள் போக வேண்டியது இரண்டுக்கும் நடுவில்! அப்படி ஒரு நாளாக அமைந்தால் அதிகாலை வண்டியைப் பிடியுங்கள், இல்லையேல் கார் பேசிவிடுங்கள்.

பெட்டிபடுக்கை:
கிளம்பும் முந்தைய இரவும் அன்று காலையும் மின்னஞ்சலைப் பாருங்கள். மூடுபனி, முந்தைய பயணத்தில் வயிற்றுப்போக்கு பரவி கூடுதல் சுத்தம், இப்படி ஏதாவது காரணத்தால் கப்பல் பிந்தினால் எல்லா ஸ்லாட்டையும் தள்ளிவைத்துச் செய்தி அனுப்புவார்கள். அமெரிக்காவின் கால்வெஸ்டன் மாதிரி இடங்களில் குளிர்கால மூடுபனியால் கப்பல் உள்ளேயே வர முடியாமல் நிற்பதுண்டு.

எந்த டெர்மினல் என்றும் அப்போதே உறுதி செய்யுங்கள். சிங்கப்பூரில் மரினா பே, ஹார்பர்ஃபிரன்ட் என்று இரண்டு வெவ்வேறு இடம். சவுத்தாம்ப்டனில் கிழக்குத் துறை, மேற்குத் துறை. டாக்சி ஓட்டுநரிடம் 'கப்பல்' என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தோன்றிய இடத்தில் இறக்குவார்.

நீலத்திரை:
கடைசிக் கேள்வி, சத்தியமாக. பெட்டிக்கான சீட்டை வீட்டிலேயே அச்சடித்து மாட்டிவிடலாமா?

சுக்கான்:
அச்சடியுங்கள், மாட்டாதீர்கள். விமான நிலையத்தில் பெட்டிகள் ஓடும் பட்டையில் கிழிந்துவிடும். துறைமுகத்துக்குக் கிளம்பும் காலையில் ஓட்டலில் வைத்து, கைப்பிடியில் சுற்றி இரண்டு மூன்று இடத்தில் ஸ்டேப்லர் அடித்தால் போதும். அதுவும் கிழிந்தால் டெர்மினல் வாசலில் போர்ட்டரிடம் வெற்றுச் சீட்டு இருக்கும், பெயரும் கேபின் எண்ணும் எழுதிக் கொடுங்கள்.

போர்ட்டரிடம் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் நாலு பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் போய்விட்டால் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே தேட வேண்டும், அதுவரை செக்-இன் நடக்காது. மருந்தும் அப்படியே கையோடு. பெரிய பெட்டி கேபின் வாசலுக்கு வர இரவு எட்டு மணிகூட ஆகும்.